போறணைச் சுவர்

"உம்மா, மீட்டர் பொட்டிக்குள்ள அடைஞ்சிதானே இரிக்கி. வெளிய வெயிலா மழையாண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

இதைக் கேட்டபோது அம்றாவுக்கு ஆறு வயது. முக்காலியின் மேல் ஏறி நின்று, முன்சுவரில் இருந்த மின்சார மீட்டரின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே சிவப்புக் கோடு போட்ட ஒரு தகடு சுற்றும். மழை நாளில் அது சோம்பிச் சுற்றுவதையும் வெயில் நாளில் ஓட்டமாய் ஓடுவதையும் அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

வெறும் சீமெந்துத் தரையில் படுத்திருந்த றஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் ஐந்து மாதம். பாயில்கூடப் படுக்க முடியாத சூடு.

"அதுக்கு ஒண்டும் தெரியா மகள். எங்களுக்கு வேர்த்தா நாங்க ஃபேன் போடுற. ஃபேன் சுத்தினா அதுவும் சுத்தும்."

"எங்களுக்கு வேர்க்கிறது சுவராலதானே. அப்ப பேக்கரி மாமாகிட்ட சுவர ஓஃப் பண்ணச் சொல்லுங்களே."

பிள்ளை சொன்னதில் தவறு இல்லை. மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில், பெரிய வீதியை ஒட்டி நின்ற அந்த வீட்டுக்கு மூன்று சுவர்கள்தாம் சொந்தம். நான்காவது சுவர் பக்கத்துப் பேக்கரியினுடையது. றஸ்மியாவின் கணவன் அன்ஸாரின் வாப்பா வீடு கட்டியபோது, ஏற்கெனவே ஒரு தடித்த சுவர் நிற்கிறதே என்று பேக்கரிக்காரரிடம் கேட்டு, அதன் மேலேயே கூரையைச் சாய்த்துவிட்டார். ஒரு சுவர் மிச்சம் என்று அப்போது எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது போறணை. பாண் சுடுகிற விறகு அடுப்பு. பின்னேரம் மூட்டினால் விடியும்வரை சூடு ஆறாது.

மழைக் காலத்தில் அது ஒரு பாக்கியமாகவே இருந்தது. நனைந்த பள்ளிச் சட்டையை அந்தச் சுவரோரம் கொடியில் போட்டால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஓகஸ்ட் வெயிலில்தான் தாங்க முடியாது. தகரக் கூரை மேலிருந்து சுட, சுவர் பக்கத்திலிருந்து சுட, இரண்டு ஃபேன்கள் இரவும் பகலும் சூட்டுக் காற்றையே அள்ளி வீசிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் ஓகஸ்டில் வெயில் கொஞ்சம் கூடுதல். றஸ்மியா ஒருநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஓட்டோ ஓட்டிவிட்டு வந்த அன்ஸார் அவளைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு நேரே பேக்கரிக்குப் போனான். பின்னேரப் பாணுக்கு ஆட்கள் கூடி நிற்கும் நேரம்.

"ஒஸ்வல்ட் அண்ணன், பாணோட சேத்து எங்களையும் வேக வெச்சி விக்கப் போறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கு வாய் இன்னும் நீண்டது. மனிதர் குடியிருக்கிற இடம் என்று நினைப்பில்லையா, காசு ஒன்றுதான் பெரிதா என்றெல்லாம் கேட்டான். சுவர் யாருடையது, வீடு எப்படி அங்கே வந்தது என்பதை ஒஸ்வல்ட் அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்லியிருக்கலாம். மாவு படிந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. நான்தான் யோசிச்சிருக்கணும் தம்பி," என்றார்.

அடுத்த மாதம் பேக்கரியின் மறுகோடியில் கரண்டில் ஓடும் ஓவன் ஒன்று வந்து இறங்கியது. போறணை ஆறிப்போனது. கிறிஸ்மஸ் காலத்தில் மட்டும் அதை மூட்டுவதாக ஒஸ்வல்ட் சொல்லிவிட்டார். அது அந்த ஊர்ப் பழக்கம். வீடுகளில் கேக் மாவைக் குழைத்து, தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டை ஒட்டிப் பேக்கரிக்குக் கொண்டுவருவார்கள். அவர் சுட்டுக் கொடுப்பார். அதற்கென்று கினிசிரியா, றப்பர் மரங்களை வெட்டி, ஓகஸ்ட் வெயிலிலேயே காயவைத்து, பின்புறத் தாழ்வாரத்தில் படங்கு போர்த்தி அடுக்கி வைத்திருந்தார்.

சுவர் குளிர்ந்தது. ஒரு ஃபேன் நின்றது. அன்ஸாருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாணில் பழைய வாசம் இல்லையென்று ஓட்டோவில் ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் முன்னே பார்த்து ஓட்டினான். வீட்டுக்குப் பாணைச் சந்தியிலிருந்த வேறு கடையில் வாங்கினான். பக்கத்துக் கடையைக் கோபத்தில் ஒதுக்குகிறான் என்று ஊர் நினைத்தது. வெட்கப்பட்டவன் செய்வதும் கோபக்காரன் செய்வதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

நவம்பர் தொடக்கத்தில், மாதம் நிறையுமுன்பே, றஸ்மியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற தலை. மாத்தளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, பால் குடிக்கப் பழகிய பிறகு வீட்டுக்கு வந்தாள். றிஸ்லா என்று பெயர் வைத்தார்கள். சூடு முக்கியம் என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்ததால் அன்ஸார் ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வந்தான். தாய்க்கு வேப்பிலை போட்ட சுடுதண்ணீர், குழந்தைக்குச் சுடுதண்ணீர், துணி காயவைக்க இஸ்திரிக்கை என்று, மழை நாளிலும் மீட்டர்த் தகடு ஓட்டமாய் ஓடத் தொடங்கியது.

பிறகு அந்தப் பெருமழை வந்தது.

மாத்தளையார் மழைக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் அது விட்டு விட்டுப் பெய்கிற மழையாக இருக்கவில்லை. மலைச் சரிவுகளில் மண் வழுகியது. பெரிய வீதியில் மரங்கள் விழுந்தன. ஒரு மரம் மின் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தபோது ஹீட்டரின் சிவந்த கம்பி கறுத்து அணைந்தது. அம்றா முக்காலி போட்டு ஏறிப் பார்த்து, தகடு அசையவேயில்லை என்று சொன்னாள்.

முதல் நாள் சமாளித்தார்கள். காஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, போத்தல்களில் ஊற்றி, துணி சுற்றிக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் காஸ் முடிந்தது. லொறி வர வீதி இல்லை. வில்கமுவையில் இருக்கும் றஸ்மியாவின் மூத்த சகோதரி உம்மு குல்தூம் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வருவதாக இருந்தாள். பஸ்ஸும் இல்லை, போனும் இல்லை. கொல்லையில் கிடந்த விறகு தண்ணீரில் ஊறி, மூட்டினால் புகையைத் தவிர வேறொன்றும் தராமல் கிடந்தது.

வீடு வீடாக வரும் அரசாங்க மருத்துவிச்சியான குடும்பநல மாதுவை அந்தப் பக்கத்தில் எல்லோரும் நோனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து வந்தார். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே சேலையால் சுற்றிக் கட்டினார். தலைக்குத் தொப்பி போட்டார். மூலையில் அன்ஸார் தயாராக வைத்திருந்த கரிச்சட்டியைக் கண்டதும் வெளியே எடுக்கச் சொன்னார். பூட்டிய அறையில் கரி எரித்தால் அந்தப் புகை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும் என்றார்.

போகும்போது, தமிழும் சிங்களமும் கலந்து, அன்ஸாரிடம் தனியாகச் சொன்னார். காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாதம் குளிர்ந்தே கிடந்தால், பாலை விட்டுவிட்டால், மழையென்று பார்க்க வேண்டாம். நடந்தாவது மாத்தளைக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆனால் இந்த மழையில் தூக்கிப் போவதே குழந்தைக்கு ஆபத்து. அதனால் எப்படியாவது அறையைச் சூடாக வைத்திருங்கள்.



அன்று பகல் ஒஸ்வல்டின் மனைவி திரேசம்மா வந்தாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். மடியில், சீலைக்குள், மூடி போட்ட கோப்பையில் இஞ்சிக் கோப்பி. தங்களிடம் இருந்த கடைசி மண்ணெண்ணெயில் போட்டதாம். ஓகஸ்டுக்குப் பிறகு அவள் அந்த வாசற்படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. பாணுக்கு மாக் கொண்டுவரும் லொறி வராததையும், கரண்ட் இல்லாமல் ஓவன் சும்மா கிடப்பதையும், கூட்டிக் கழுவிய பேக்கரி பார்க்கக் கோயில்போல இருப்பதையும் சொல்லிச் சிரித்தாள்.

"எங்க, சின்ன மகாராணிய காட்டு புள்ள."

சேலை மடிப்புக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்தாள். பாதம் சில்லிட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பால் குடிக்குதா?"

"காலைல குடிச்ச. இப்ப வாய் வைக்கிற, மறுகா விட்டுட்டுத் தூங்குற அக்கா."

திரேசம்மா எழுந்தாள். போகிற வழியில், கூரைக்குத் தாங்கலாக நின்ற அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரச் சாக்கைத் தொட்டதுபோல இருந்திருக்கும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கோப்பையை வாங்கக்கூட நிற்கவில்லை. பேசினையும் மறந்துவிட்டு மழையிலேயே போனாள்.

கொஞ்சத்தில் பேக்கரிப் பக்கம் கட்டை விழும் சத்தம் கேட்டது. பிறகு இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

பின்னேரம் றஸ்மியா அன்ஸாரைக் கூப்பிட்டு அந்தச் சுவரைக் காட்டினாள். சுவர் முழுக்க முத்து முத்தாய்த் தண்ணீர். சுண்ணாம்பு ஊறிக் கோடு கோடாக வழிந்தது. இந்தப் பக்கமும் ஒழுகத் தொடங்கிவிட்டது என்று நினைத்து அவன் துணியை எடுத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வியர்த்தது. கட்டிலை மறுபக்கம் இழுத்துப் போட்டான். அன்றைக்கு அவனுக்கு எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. வாப்பா மிச்சப்படுத்திய சுவர் மீதும் வந்தது.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு அறைக்குள் வந்தபோது, றஸ்மியா எழுந்து, குழந்தை மார்பில் கட்டியபடியே, சுவரோரம் நிற்கக் கண்டான். கன்னத்தைச் சுவரில் வைத்திருந்தாள்.

"இஞ்ச வாங்க. கைய வெச்சிப் பாருங்க."

சுவர் காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையின் முதுகுபோல.

அவன் கட்டிலைத் திரும்பவும் இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டான். றஸ்மியா முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள். அம்றாவும் வந்து உம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். சூடு மெல்ல மெல்ல ஏறியது. அறையில் பூஞ்சணம் பிடித்த ஈரவாடை குறைந்தது. சேலைக்குள் ஒரு அசைவு. பிறகு, அந்த நாளில் முதல் தடவையாக, பசித்த குழந்தையின் நிஜமான அழுகை. றஸ்மியா குனிந்து பார்த்தாள். வாய் வைத்தது விடவில்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் சத்தமில்லாமல் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து,

"உங்களுக்குப் பாண் வாசம் வருதா?" என்றாள்.

அன்ஸார் மூச்சை இழுத்துப் பார்த்தான். புகை வாசம் வந்தது. பாண் வாசம் இல்லை.

"பகலிலேருந்து எரியிது. பாண் வாசமே இல்ல. அவங்கக்கிட்ட மா இல்லையாம். அக்கா வந்து சொன்ன."

அவன் குடையை எடுக்காமல் வெளியே போனான்.

பேக்கரியின் பின்கதவு திறந்திருந்தது. போறணையின் வாய்க்கு முன்னால், பெனியனோடு, ஒரு சின்னப் பலகையில் ஒஸ்வல்ட் உட்கார்ந்திருந்தார். நெருப்பு வெளிச்சத்தில் அவருடைய முகம் வேர்த்துப் பளபளத்தது. மாப் பிசையும் தொட்டி காலி. தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தன. தாழ்வாரத்தில் கிறிஸ்மஸ் விறகின் படங்கு பாதிவரை விலகியிருந்தது.

"என்ன அண்ணன், பாண் போடுறீங்களா?"

"இல்ல தம்பி. போறணை ஈரம் புடிச்சிருச்சி. இப்பவே காய வைக்காட்டி கிறிஸ்மசுக்குக் கல்லு வெடிச்சிரும்." ஒஸ்வல்ட் நெருப்பைப் பார்த்தபடியே சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்தார். "ரெண்டு மூணு நாளைக்கு எரிக்கணும். உங்களுக்குச் சூடா இருந்தா சொல்லுங்க."

அன்ஸார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்டைக்கி நான் கடையில வெச்சி…"

"அந்தப் பெரிய கட்டைய இப்பிடி எடுத்துக் குடுங்க தம்பி. எனக்கு இடுப்பு புடிச்சிருச்சி."

அன்ஸார் கட்டையை எடுத்துக் கொடுத்தான். பிறகு இன்னொன்று. எதை முதலில் வைப்பது, எப்படித் தள்ளினால் சூடு அந்தச் சுவர்ப் பக்கம் போகும் என்று ஒஸ்வல்ட் சொல்லச் சொல்ல அவன் செய்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசியதெல்லாம் விறகைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். போகும்போது ஒஸ்வல்ட் மட்டும், மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"சின்னவ பால் குடிச்சிதா?"

"குடிக்கிற அண்ணன். விடாமக் குடிக்கிற."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்ஸார் வெளியே வந்து, தாழ்வாரத்து இருட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழைத்தண்ணீர்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

கரண்ட் வரும்வரை போறணை அணையவில்லை. நோனா மறுபடி வந்தபோது அறைக்குள் நுழைந்ததும் குடையை மடக்கி வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எந்த மருந்துக் கடையில் வாங்கினீர்கள் இதை என்று கேட்டார். றிஸ்லாவின் பாதங்கள் சிவந்திருந்தன. நிறுத்துப் பார்த்து, ஏறியிருக்கிறாள் என்றார். றஸ்மியா அந்தச் சொல்லை அவர் போன பிறகும் இரண்டு மூன்று தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்தாள்.

மழை விட்டது. மரங்களை வெட்டி அகற்றினார்கள். ஹீட்டர் மறுபடியும் சிவந்தது. மா லொறியும் காஸ் லொறியும் ஒரே நாளில் வந்தன. அன்ஸார் மறுபடியும் பக்கத்துக் கடையிலேயே பாண் வாங்கத் தொடங்கினான். அவனுக்கு ஒஸ்வல்ட் எப்போதும் ஓரத்துப் பாணாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். ஓரம் முறுகியது றஸ்மியாவுக்குப் பிடிக்கும்.

டிசம்பர் பிறந்து, கிறிஸ்மஸ் நெருங்கியதும், கேக் தட்டுகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாண் வாங்க நின்றிருந்த அன்ஸார் அதைப் பார்த்தான். திரேசம்மா ஒவ்வொருவரிடமும் அதே பதிலைச் சொன்னாள். இந்த வருஷம் போறணை இல்லை. விறகெல்லாம் மழையில் நனைந்துவிட்டது. பாண் சுட்டது போக எலெக்ட்ரிக் ஓவனில் எங்கள் வீட்டுக் கேக்கை மட்டும்தான் சமாளிக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள். உக்குவளைத் தோட்டத்திலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண், பஸ்ஸில் சிந்திவிடாமல் கொண்டுவந்த மாவுத் தட்டைத் திரும்பவும் துணியால் மூடிக் கட்டினாள்.

விறகு நனையவில்லை என்பது அந்தக் கடையில் மூன்று பேருக்குத் தெரியும்.

அன்ஸார் விறகு தேடினான். ஓட்டோவில் போகிற இடமெல்லாம் விசாரித்தான். மழை குடித்த நாட்டில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? கிடைத்ததெல்லாம் பச்சை, அல்லது ஊறல். கிறிஸ்மசுக்கு முன் எதுவும் காயாது. சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து ஓட்டோவை நிறுத்தியவன், இறங்காமல், தலைக்கு மேலே இருந்த கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டோ வெயிலிலும் மழையிலும் கெடாமலிருக்க அவன் தன் கையால் போட்ட கொட்டகை அது. வாப்பாவின் காலத்துக் கூரையைக் கழற்றியபோது கிடைத்த பலாமரச் சலாகைகளும் வளைகளும்தான் அதைத் தாங்கின. பல வருடம் காய்ந்து, தட்டினால் மணி மாதிரிச் சத்தம் கேட்கும் மரம்.

அவன் தகரத்தைக் கழற்றினான். றஸ்மியா சன்னலால் கேட்டபோது கறையான் பிடித்துவிட்டது என்றான். கறையான் அந்த மரத்தை எந்தக் காலத்திலும் தொட்டதில்லை. இருட்டும்வரை அறுத்து, துண்டு துண்டாக்கி வைத்தான்.

ஞாயிறு காலை ஒஸ்வல்டும் திரேசம்மாவும் பூசைக்குப் போக முதல் பஸ்ஸில் மாத்தளைக்குப் போனார்கள். பேக்கரி பூட்டியிருந்தது. வீட்டுக்குள் றஸ்மியாவும் பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுபஹுத் தொழுதுவிட்டு வந்த அன்ஸார் அறுத்த துண்டுகளையும் சுத்தியலையும் கொண்டுபோய், பேக்கரியின் பின்புறத் தாழ்வாரத்தில் குந்தினான்.

பழைய மரத்தில் ஆணி இருக்கும். கேக் வைக்கிற போறணைக்குள் ஆணி கிடக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டாக மடியில் வைத்து, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினான். தலை முறிந்து உள்ளே நின்றவற்றைத் தோண்டி எடுத்தான். பிறகு உள்ளங்கையால் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தான். கீறினால் மிச்ச ஆணியைத் தேடித் திரும்பவும் தடவினான். வழுவழுப்பாக வந்ததை மட்டும் அடுக்கினான். அடுக்கு இடுப்பு உயரம் வந்ததும் படங்கை இழுத்து மூடி, காற்றில் பறக்காமல் ஓரங்களைக் கல் வைத்து அமுக்கினான். தரையில் விழுந்திருந்த மரத்தூளை ஈர்க்குமாறு எடுத்துக் கூட்டிவிட்டான்.

மறுபடியும் தூறல் தொடங்கியிருந்தது. கொட்டகை இருந்த வெட்டவெளியில் ஓட்டோ நனைந்துகொண்டு நின்றது. சட்டைப்பையில் ஆணிகள் கிலுங்க அவன் வந்து, சாரத்தின் நுனியால் சீட்டைத் துடைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து அன்றைய முதல் ஹயருக்கு ஆள் ஏற்றப் போனான்.